துவிச்சக்கரவண்டியும் சட்டமும்: வீதியில் யார் யாருக்குப் பொறுப்பு?

இலங்கை அரசாங்கத்தின் தமிழில் அதற்குத் துவிச்சக்கரவண்டி என்று பெயர். தமிழ்நாட்டில் மிதிவண்டி என்பார்கள். நம் வாயில் அது என்றைக்கும் சைக்கிள்தான். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதானே என்று பேச்சில் விட்டுவிடலாம். சட்டம் அப்படி விடுவதில்லை. அது ஒன்றுக்குப் பெயர் சூட்டும்போது கடமைகளையும் தண்டனைகளையும் சேர்த்தே சூட்டுகிறது. உரிமைகள் சிலவேளை கூடவே வருகின்றன, சிலவேளை நூறு வருடம் பிந்தி வருகின்றன. பிரசை, நாடற்றவர், அகதி என்ற பெயர்களின் கீழ் வாழ்ந்து பார்த்த நமக்கு இது புதிய செய்தியல்ல.

பிரித்தானியச் சட்டத்தில் சைக்கிளோட்டி எவ்வாறு வரையறுக்கப்பட்டார், எந்தளவுக்குப் பாதுகாக்கப்பட்டார் என்பதை வரலாற்றுரீதியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இனப்பிரச்சினையும் இலக்கியமும் பேசும் இந்தப் பக்கங்களில் சைக்கிளுக்கு என்ன இடம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரவு வேலை முடிந்து பஸ் குறைந்த நேரத்தில் வீடு திரும்பும் நம்மவரையும், முதுகில் உணவுப் பெட்டியோடு மழையில் ஓடித்திரியும் புதிதாக வந்த பெடியளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. தொழிற்சாலை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் சைக்கிள்களில் ஒன்று என்னுடையது.

1. வண்டி என்று பெயரிடப்பட்ட கதை

இங்கிலாந்தில் இன்றும் நடைபாதையில் சைக்கிள் ஓடுபவரைத் தண்டிக்கப் பயன்படுவது 1835 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 72 ஆம் பிரிவு. பெடல் மிதித்து ஓடும் சைக்கிள் வீதிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னர் எழுதப்பட்ட சட்டம் அது. குதிரை, கழுதை, செம்மறி, பன்றி, வண்டி ஆகியவற்றை வீதியோர நடைபாதையில் கொண்டுசெல்லலாகாது என்பதே அதன் சாரம். அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு வண்டியை மூர்க்கமாக ஓட்டுவதைக் குற்றமாக்கியது.

1870களில் உயர்ந்த முன்சக்கரம் கொண்ட சைக்கிள்கள் பெருகியபோது நீதிவான்களுக்குச் சங்கடம் வந்தது. இது வண்டியா? வண்டியென்றால் குதிரை எங்கே? 1879 இல் ரெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில் இக்கேள்வி மேல்நீதிமன்றம்வரை போயிற்று. மூர்க்கமாகச் சைக்கிள் ஓடியதற்காகத் தண்டிக்கப்பட்டவரின் மேன்முறையீடு அது. சைக்கிளும் ஒரு வண்டியே என்று தீர்ப்பாயிற்று, தண்டனை நிலைத்தது. அடுத்த ஆண்டு, 1880 இல், வில்லியம்ஸ் எதிர் எலிஸ் என்ற வழக்கு வந்தது. சுங்கவீதியொன்றில் சைக்கிளுக்குச் சுங்கம் கேட்கலாமா என்பது பிரச்சினை. அந்தச் சுங்கச் சட்டத்தின் சொற்களின்படி சைக்கிள் வண்டியல்ல, சுங்கம் கேட்கமுடியாது என்றது நீதிமன்றம். ஆக, தண்டிக்கும்போது வண்டி, வரி கேட்கும்போது வண்டியல்ல. சட்டத்தில் ஒரு பொருளுக்கு இயல்பான வரைவிலக்கணம் என்று ஒன்றில்லை. எந்தத் தேவைக்காக வரையறுக்கிறோம் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

இதற்கிடையில் 1878 இன் சட்டமொன்று சைக்கிள்களை ஒழுங்குபடுத்தும் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை மாவட்டங்களுக்குக் கொடுத்திருந்தது. ஒரு மாவட்ட எல்லையைக் கடந்தால் இன்னொரு விதி. அதே 1878 இல்தான் பின்னாளில் சைக்கிள் சுற்றுலாக் கழகம் என்று அறியப்பட்ட சங்கமும் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1888 இன் உள்ளூராட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் ஒரே வரைவிலக்கணத்தைத் தந்தது. சைக்கிள்களும் அவைபோன்ற இயந்திரங்களும் நெடுஞ்சாலைச் சட்டங்களின் கருத்தில் வண்டிகளே என்று அது பிரகடனம் செய்தது. இருட்டில் விளக்கு வேண்டும், பிறரை முந்தும்போது மணியடிக்க வேண்டும் என்ற கடமைகளும் கூடவே வந்தன.

இதைச் சைக்கிளோட்டிகளின் உரிமைச் சாசனம் என்று கொண்டாடுவோர் இங்கு உண்டு. அதில் உண்மையும் உண்டு. வண்டியென்று ஆனபின் வீதியின் முழு அகலத்திலும் அதற்கு இடமுண்டு, ஒரு மாவட்டம் தன் விருப்பப்படி அதைத் துரத்தமுடியாது. ஆனால் விலையும் இருந்தது. நடைபாதை ஒரேயடியாகப் பறிபோயிற்று. இந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு 1980 இன் கிராங்க் எதிர் புறூக்ஸ் வழக்கைப் பார்க்கலாம். பாதசாரிக் கடவையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்ணைக் கார் மோதியது. அவர் பாதசாரியா, சைக்கிளோட்டியா? இரு கால்களும் நிலத்தில் நடந்ததால் அவர் பாதசாரி, கடவையின் பாதுகாப்பு அவருக்குண்டு என்றது நீதிமன்றம். ஒரு காலைப் பெடலில் வைத்து மற்றக் காலால் உந்திச் சென்றிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு பாதம் உயர்ந்தால் ஆளின் சட்டத் தகுதியே மாறிவிடுகிறது.

2. சமனற்றவர்களின் சமத்துவம்

1888 இல் சைக்கிளுக்குச் சமமாக வீதியில் இருந்தவை குதிரை வண்டிகள். 'நீயும் வண்டி, அவனும் வண்டி' என்ற சமத்துவத்தில் அன்று ஓரளவு பொருளிருந்தது. 1896 இல் மோட்டார் வாகனங்களுக்கு வீதி திறந்துவிடப்பட்டது, வேக எல்லை மணிக்கு 14 மைல். 1903 இல் அது 20 ஆயிற்று. 1930 இன் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக எல்லையையே நீக்கியது. சைக்கிளின் வரைவிலக்கணம் மட்டும் மாறவில்லை. 1888 இல் குதிரைக்குச் சமமாக இருந்தவர் இப்போது லொறிக்குச் சமமாக நின்றார்.

ஆர்ச்வேயிலிருந்து ஏறிப்போனால் ஹைகேற் இடுகாட்டில் மார்க்ஸின் கல்லறை இருக்கிறது. கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்து 1875 இல் அவர் எழுதிய குறிப்புகளில் சம உரிமை பற்றிய ஒரு வாதம் உண்டு. வேறுபட்ட மனிதர்மீது ஒரே அளவுகோலை வைத்தால் விளைவது சமனின்மையே என்பது அவ்வாதத்தின் சாரம். அவர் உழைப்பைப் பற்றிச் சொன்னார். வீதியில் அது கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஒருவரிடம் ஒன்றரை தொன் இரும்பு, மற்றவரிடம் பதினைந்து கிலோ. இருவரும் கவனமாக இருக்க வேண்டும் என்று சட்டம் பாரபட்சமின்றிச் சொல்கிறது. கவனம் தவறினால் ஒருவருக்குக் காரின் முன்புறம் நெளியும், மற்றவருக்கு உயிர் போகும்.

நமக்கு இது பழக்கப்பட்ட தர்க்கம். சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைத் தடைசெய்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினர் நாடற்றவராயினர். முதநாயக்கா வழக்கு இதே லண்டனில் பிரிவிக் கவுன்சிலின் முன்வந்தபோது, 1953 இல், அது பிரசாவுரிமை பற்றிய பொதுச்சட்டமே என்று தீர்ப்பாயிற்று. வீதி விபத்தையும் நாடற்றவராக்கலையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் கொள்ளவேண்டாம். சட்டத்தின் சொல் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறது என்பதற்காக அது எல்லோர்மீதும் ஒரே பாரத்தை ஏற்றுகிறது என்றாகாது. இவ்வளவே நான் சொல்வது.

3. பார்க்கவேண்டியவர் யார், தெரியவேண்டியவர் யார்?

1934 இல் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் இறந்தனர். அவ்வாண்டின் சட்டம் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லையையும் புதிய சாரதிகளுக்கான பரீட்சையையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா மேற்கு லண்டனின் வெஸ்ரேர்ண் அவெனியூ ஓரமாக நாட்டின் முதலாவது சைக்கிள் தடத்தைத் திறந்துவைத்தார்.

சைக்கிள் சங்கங்கள் அதை வரவேற்கவில்லை, கடுமையாக எதிர்த்தன. இன்று தனித்தடம் கேட்டுப் போராடுவோருக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. முதலில் உனக்கொரு தடம் தருவார்கள், பிறகு அதற்குள்ளேயே நில் என்பார்கள் என்று அவர்கள் கருதினர். 1930களில் சைக்கிள் தொழிலாளியின் வாகனம், கார் வசதியுள்ளவரின் வாகனம். 1894 இல் பேர்மிங்ஹாமில் தோன்றிய கிளாரியன் சைக்கிள் கழகத்தின் சோசலிஸ்டுகள் சைக்கிளில் போய்த்தான் கிராமங்களில் துண்டுப்பிரசுரம் விநியோகித்தனர். வீதியிலிருந்து சைக்கிளை ஒதுக்குவது ஒரு வர்க்கத்தை ஒதுக்குவதாகவும் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அச்சம் முற்றிலும் வீணானதல்ல. 2006 இல் ரெல்ஃபோர்ட்டில் ஒருவர், பக்கத்தில் சைக்கிள் தடமிருக்க வீதியில் ஓடியதற்காகத் தண்டிக்கப்பட்டார். 2007 ஜனவரியில் மேன்முறையீட்டில்தான் அவர் விடுவிக்கப்பட்டார்.

பின்விளக்குச் சர்ச்சை இன்னும் ஆழமானது. சைக்கிளின் பின்புறம் சிவப்பு விளக்கு கட்டாயமாக வேண்டுமா? வேண்டாம் என்று சங்கங்கள் பல ஆண்டுகள் வாதாடின. பின்னால் வருபவர் தன் விளக்கின் வெளிச்சத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வரவேண்டும், முன்னால் இருப்பதைப் பார்க்கும் கடமை அவருடையது என்பது வாதம். விளக்கைக் கட்டாயமாக்கினால் 'பார்' என்ற கடமை 'தெரி' என்ற கடமையாக மாறி மற்றவர் தலையில் விழும். யுத்தகால இருட்டடிப்பு இந்த வாதத்தை முடித்துவைத்தது. 1939 இல் பின்விளக்கு கட்டாயமாயிற்று, 1945 இல் தனிச்சட்டமொன்று அதை நிரந்தரமாக்கியது.

விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் விளக்கில்லாமல் ஓடுவது மடமை. ஆனால் கடமை இடம்மாறும் என்று அவர்கள் சொன்னது நடந்தது. அதே 1945 இல் நட்டஈட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. அதுவரை காயப்பட்டவரிடம் சிறிது தவறிருந்தாலும் அவர் வழக்கு முழுமையாகத் தோற்கக்கூடும். புதிய சட்டம் தவறைப் பங்கிட்டது, நட்டஈட்டில் அந்த வீதத்தை மட்டும் கழித்தது. இது முன்னேற்றமே. ஆனால் அதன்பின் ஒவ்வொரு விபத்தும் காயப்பட்டவரின் தவறைத் தேடும் விசாரணையுமாயிற்று. தலைக்கவசம் அணியவேண்டும் என்று இந்நாட்டில் சட்டமில்லை. ஆயினும் 2009 இல் ஸ்மித் எதிர் ஃபின்ச் வழக்கில், கவசம் அணியாமை நட்டஈட்டைக் குறைக்கும் காரணமாகலாம் என்ற கோட்பாட்டை மேல்நீதிமன்றம் ஏற்றது. அந்த வழக்கில் குறைக்கப்படவில்லை என்பது வேறு விடயம்.

என்னோடு ஒரே பட்டியில் வேலை செய்யும் தம்பி ஒருவரை, விடியற்காலையில் சந்தியில் இடப்பக்கம் திரும்பிய கார் அடித்துவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. சாரதியின் காப்புறுதிக் கம்பனி அனுப்பிய கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி இடைவேளையில் கொண்டுவந்தார். என்ன நிற உடுப்பு? பிரதிபலிக்கும் மேலங்கி போட்டீரா? தலைக்கவசம்? எத்தனை மணிநேர வேலைக்குப்பின் ஓடினீர்? கேள்விகள் எல்லாம் அவரைப் பற்றியவை. "அண்ணை, அடிச்சது நானோ அவரோ?" என்று கேட்டார். பட்டி ஓடத்தொடங்கிவிட்டதால் அன்று விரிவாகச் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையின் பாதி அந்தக் கேள்விக்குரிய பதில்தான்.

4. மோட்டார் இல்லாத வீதி

இந்தச் சட்ட மரபு குடியேற்ற ஆட்சியோடு நம் ஊருக்கும் வந்தது. ஆனால் வந்து சேர்ந்த பகுதி எது என்பது கவனத்துக்குரியது. நமக்கு நினைவிருப்பது உள்ளூராட்சி மன்றத்தில் காசு கட்டி எடுத்துச் சைக்கிளில் பொருத்தும் அனுமதித் தகடு, விளக்கில்லாமல் போனால் மறிக்கும் பொலிஸ், 'டபிள்ஸ்' ஏற்றினால் அபராதம். இவையெல்லாம் சைக்கிளோட்டியின் கடமைகள். பஸ்ஸோ லொறியோ அவருக்கு எத்தனை அடி விலகிப் போகவேண்டும் என்று எந்தச் சந்தியிலும் யாரும் வாகனத்தை மறித்துக் கேட்டதை நான் கண்டதில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கி பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாண வீதிகளிலிருந்து மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ மறைந்தன. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றதெல்லாம் சைக்கிள். பல்கலைக்கழகத்துக்கும் சந்தைக்கும் அதுவே வாகனம், நோயாளியை ஏற்றும் அம்புலன்சும் அதுவே. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்ததால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் மூட்டைகளையும் வயோதிபரையும் ஏற்றிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டே சனம் வலிகாமத்தைவிட்டு வெளியேறியது.

அந்த ஆண்டுகளில் சைக்கிளோட்டிக்கு வீதியில் காரால் ஆபத்தில்லை. ஆபத்து வானத்திலிருந்து வந்தது. ஆகவே அதைப் பொற்காலமென்று நான் எழுதமாட்டேன். ஆனால் ஒன்றை அது நிரூபித்தது. பல இலட்சம் பேர் சைக்கிளில் நெருங்கி ஓடும் வீதியில் சமத்துவம் என்ற சொல்லுக்குப் பொருளிருந்தது, ஏனெனில் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே எடைதான் இருந்தது. எடை வேறுபடும் இடத்தில் வேறு நீதி வேண்டும்.

5. பாரத்தை இடம்மாற்றல்

அந்த வேறு நீதியை நம்மவர் வாழும் வேறு நாடுகளில் காணலாம். நெதர்லாந்தில் 1994 இன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185 ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகனம் சைக்கிளோட்டியையோ பாதசாரியையோ மோதினால், தவிர்க்கவே முடியாத நிலைமை இருந்ததென்று காட்டினாலன்றி வாகனத்தின் பக்கமே பொறுப்பு. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழு நட்டஈடு. அதற்கு மேற்பட்டவருக்கு, தவறு அவரிடம் இருந்தாலும், குறைந்தது பாதி என்பது நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த விதி. பிரான்சில் மரணதண்டனையை ஒழித்த நீதியமைச்சர் றொபேர் பதந்தேரின் பெயரால் அறியப்படும் 1985 ஜூலைச் சட்டம் இன்னும் தெளிவானது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர், எழுபதுக்கு மேற்பட்டவர், கடும் ஊனமுற்றவர் ஆகியோரின் உடற்காயத்துக்கு அவர்களின் கவனயீனத்தைக் காரணம்காட்ட முடியாது. மற்றைய சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளும்கூட மன்னிக்கவே முடியாத தவறொன்று விபத்தின் ஒரே காரணமாயிருந்தால் மட்டுமே உரிமையை இழப்பர். பாரிஸில் உள்ள நண்பருக்கு அடிபட்டால் அவர் அணிந்திருந்த உடுப்பின் நிறம் கேள்வியாகாது.

இவை குற்றவியல் தண்டனைகள் அல்ல. சாரதி குற்றவாளியென்று யாரும் சொல்லவில்லை. ஆபத்தை வீதிக்குக் கொண்டுவந்தவரின் காப்புறுதி அதன் செலவை ஏற்கட்டும் என்பதே கொள்கை. மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பிரித்தானியா 1930 இலேயே கட்டாயமாக்கிவிட்டது. பணம் அங்கே இருக்கிறது. ஆனால் அதைப் பெற, எலும்பு முறிந்தவர்தான் மற்றவரின் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டும் என்ற விதி இங்கு மாறவில்லை.

மாறியது நெடுஞ்சாலைக் கோவை. 1931 இல் முதலில் வெளிவந்த அந்தச் சிறுநூல் 2022 ஜனவரி 29 முதல் ஒரு படிவரிசையை ஏற்றது. கூடிய தீங்கு செய்யக்கூடிய வாகனத்தை வைத்திருப்பவருக்குக் கூடிய பொறுப்பு. லொறிச் சாரதி காரைப் பார்க்கவேண்டும், காரோட்டி சைக்கிளை, சைக்கிளோட்டி பாதசாரியை. 30 மைல்வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி. நேரே செல்லும் சைக்கிளின் குறுக்கே திரும்பலாகாது. நூற்றி முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 'எல்லோரும் வண்டி' என்ற 1888 இன் சமத்துவத்தினுள் எடை என்ற ஒன்றிருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் இக்கோவையில் பெரும்பகுதி அறிவுரை. அதை மீறுவது தன்னளவில் குற்றமாகாது, வழக்கில் சான்றாகக் காட்டலாம், அவ்வளவே. தம்பியின் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது நாங்கள் மேற்கோள் காட்டியதும் அதைத்தான்.

6. ஆர்ச்வே

ஆர்ச்வே வீதி 1813 இல் ஒரு கம்பனியின் சுங்கவீதியாகத் திறக்கப்பட்டது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் அடிவாரச் சந்தி ஒருவழிச் சுற்றுவட்டமாக்கப்பட்டது. மனிதர் நடுவில் தீவாக நிற்க வாகனங்கள் சுற்றி விரைந்தன. வீதியை மேலும் அகலமாக்கும் திட்டத்துக்கு எதிராக இப்பகுதி மக்கள் 1976 இல் பொது விசாரணையையே குழப்பினர். 1990 இல் திட்டம் கைவிடப்பட்டது. இஸ்லிங்ரன் மாநகரசபை 2013 இல் தன் வீதிகளில் 20 மைல் எல்லையைக் கொண்டுவந்தது. 2017 இல் சுற்றுவட்டம் உடைக்கப்பட்டு, பிரித்த சைக்கிள் தடங்களும் ஒரு சதுக்கமும் வந்தன. இந்நாட்டின் கால்வாய்களையும் வீதிகளையும் வெட்டிய ஐரிஷ் கூலித் தொழிலாளரின் நினைவாக அதற்கு நவிகேற்றர் சதுக்கம் என்று பெயர். கோவிலுக்குப் போகும் நம்மவர் பலர் அந்தப் பெயரின் பொருள் தெரியாமலே அதைக் கடக்கிறார்கள். சட்டத்தின் சொல் தராத பாதுகாப்பை ஒரு கொங்கிறீற்று விளிம்பு தருகிறது. அந்த விளிம்பையும் யாரோ கேட்டுப் போராடியே பெற்றார்கள்.

இன்று வரைவிலக்கணத்தின் எல்லை இன்னொரு இடத்தில் வெட்டுகிறது. 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, அதில் ஏறியிருப்பவரின் தசைவலுவால் மட்டும் இயங்குவதைச் சைக்கிள் என்றது. மின்சைக்கிள் வந்தபின் பிரித்தானிய விதி 250 வாட் என்றும், மணிக்கு 15.5 மைலுக்கு மேல் மோட்டார் உதவக்கூடாது என்றும் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு உள்ளே அது சைக்கிள், வெளியே பதிவும் காப்புறுதியும் வேண்டிய மோட்டார் வாகனம். சந்தியில் பொலிஸ் பறிமுதல் செய்யும் சைக்கிள்களில் பல உணவு கொண்டுசெல்லும் பெடியளுடையவை. வலுக்கூடிய மின்சைக்கிள் நடைபாதையில் ஒரு மூதாட்டிக்கு ஆபத்து என்பது உண்மை. எடை கூடியவருக்குப் பொறுப்புக் கூட என்ற நீதி அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் இத்தனை நிமிடம் என்று வேகத்தைத் தீர்மானிப்பது பெடியன் அல்ல. அதைத் தீர்மானிக்கும் நிறுவனம் எந்த வரைவிலக்கணத்துக்குள்ளும் அகப்படாமல் வீதிக்கு வெளியே நிற்கிறது. படிவரிசையின் உச்சியில் லொறிச் சாரதியை வைத்துவிட்டோம். அவருக்கும் மேலே ஒரு படி இல்லையா?

1999 இல், நடைபாதையில் சைக்கிள் ஓடுவதற்கு உடனடி அபராதம் வந்தபோது, போக்குவரத்துக்குப் பயந்து அங்கே ஏறுபவர்கள் இதன் இலக்கல்ல, பொலிஸார் நிதானத்தோடு நடக்கவேண்டும் என்று உள்துறை அமைச்சர்களில் ஒருவரான போல் போட்டெங் எழுதினார். சிறுவயதில், கானாவின் 1966 சதிப்புரட்சியின் பின் தாயோடு இந்நாட்டுக்கு ஓடிவந்தவர் அவர். அச்சத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற அந்தச் சிறு வாசகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அது சட்டத்தில் எழுதப்படவில்லை, அமைச்சரின் வழிகாட்டலாகவும் பொலிஸ்காரரின் பெருந்தன்மையாகவும் விடப்பட்டது. பெருந்தன்மையில் தங்கிய பாதுகாப்பு எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? தோள் முறிந்த தம்பி மீண்டும் வேலைக்கு வருகிறார், அதே சைக்கிளில். பிரான்சிலும் நெதர்லாந்திலும் உள்ள வாசகர்கள் தங்கள் நாட்டுச் சட்டம் நடைமுறையில், குறிப்பாக வதிவிட உரிமை இல்லாதவருக்கு, எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை எழுதினால் இவ்விவாதம் அடுத்த படிக்கு நகரும்.